ராக்கெட் விட ஜொகூரில் ஒரு திடல் வேண்டும்

2025 ஜனவரி 7-ஆம் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதையொட்டி நிதியமைச்சு அறிவித்த சலுகைகளில் ஒன்று, தகுதிபெறும் புதிய முதலீடுகளுக்கு 15 ஆண்டுகள் வரை 5 விழுக்காடு நிறுவன வரி. எந்தெந்தத் தொழில்களுக்கு அது கிடைக்கும் என்ற பட்டியலில் செயற்கை நுண்ணறிவு, மருத்துவக் கருவிகள் ஆகியவற்றோடு ஏரோஸ்பேஸ் எனப்படும் விமான, விண்வெளி உற்பத்தியும் இருக்கிறது.

இது தனித்து நிற்கும் செய்தி அன்று. 2019-இல் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து மலேசிய விண்வெளி நிறுவனம் உருவாக்கப்பட்டது. 2022-இல் மலேசிய விண்வெளி வாரியச் சட்டம் வந்தது. விண்ணில் பொருளை ஏவுவதற்கும் ஏவுதளம் நடத்துவதற்கும் உரிமம் வழங்கும் முறையை அது வகுத்தது. நமக்கு வடக்கே பகாங் மாநிலத்தில் ஏவுதளம் அமைக்க முடியுமா என்ற ஆய்வுப் பேச்சும் எழுந்துள்ளது. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சரியான திசையில்தான் போகிறது.

கீழே இருந்து பார்ப்போம். ஸ்கூடாயிலோ குளுவாங்கிலோ படிவம் 4 படிக்கும் ஒரு மாணவி, முப்பது சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு சிறு மாதிரி ராக்கெட்டைத் தன் கையால் ஒட்டி, சட்டப்படி, பாதுகாப்பாக வானில் விட விரும்புகிறாள். அவள் எங்கே போவாள்? யாரிடம் கேட்பாள்? இதற்கு உடனே விடை சொல்வது கடினம். பெரிய ராக்கெட்டுக்குச் சட்டம் எழுதிய நாடு, சின்ன ராக்கெட்டுக்கு வழி காட்டியிருக்கிறதா என்பதே இங்கு நாம் அலச வேண்டிய கேள்வி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

தொடக்கநிலை ராக்கெட் பெட்டி அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் பொம்மைக் கடையிலேயே கிடைக்கும். உள்ளே இருப்பவை மிக எளிமையானவை: ஒரு காகிதக் குழாய், பிளாஸ்டிக் கூம்பு முனை, மூன்று அல்லது நான்கு வால் இறக்கைகள், ரப்பர் நாடா, மெல்லிய பிளாஸ்டிக் பாராசூட், மோட்டாரைத் தாங்கும் சிறு வளையம். எல்லாம் சேர்ந்து சுமார் 35 கிராம். உலோகப் பாகங்கள் இல்லாத இந்த எளிமையே முதல் பாதுகாப்பு. எதன் மீதாவது மோதினாலும் உடைவது ராக்கெட்டாகவே இருக்கும்.

இதற்கு உயிர் கொடுப்பது தொழிற்சாலையில் செய்த, ஒருமுறை மட்டுமே பயன்படும் மோட்டார். கட்டைவிரல் பருமனுள்ள காகிதக் குழாய். அதில் கருமருந்து அடைத்திருக்கும். அதன் மேல் 'ஏ8-3', 'பி6-4', 'சி6-5' என்று அச்சிட்டிருப்பார்கள். இந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி இயற்பியல் புரிந்துவிடும். எழுத்து, மோட்டார் தரும் மொத்தக் கணத்தாக்கு. 'ஏ' என்றால் 2.5 நியூட்டன்-விநாடி வரை, 'பி' 5 வரை, 'சி' 10 வரை. ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டிப்பு. அடுத்த எண், சராசரி உந்துவிசை எத்தனை நியூட்டன் என்பது. கடைசி எண், எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ள எத்தனை விநாடி காத்திருக்கும் என்பது.

பறப்பு முழுவதும் சில விநாடிக் கதைதான். ஐந்து மீட்டர் தள்ளி நின்று மின்கலப் பொத்தானை அழுத்துகிறோம். ஒரு விநாடி, இரண்டு விநாடிக்குள் மோட்டார் எரிந்து தீர்கிறது. ராக்கெட் தன் வேகத்திலேயே மேலே மிதந்து செல்கிறது. உச்சியை நெருங்கும்போது சிறு வெடிப்பு கூம்பு முனையைத் தள்ள, பாராசூட் விரிகிறது. 'சி' மோட்டார் போட்டால் இலேசான ராக்கெட் 300 மீட்டர் வரைகூட எட்டும்.

சட்டம் ஏன் குறுக்கே நிற்கிறது?

நம் நாட்டில் கருமருந்து 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமமின்றி அதைச் செய்வதும், இறக்குமதி செய்வதும், வைத்திருப்பதும் குற்றம். ஆகவே, இணையத்தில் பார்த்த மோட்டாரைத் தபாலில் வரவழைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். வெடிபொருளைச் சாதாரண வான்வழித் தபாலில் அனுப்பவும் அனுமதி இல்லை.

இந்தக் கண்டிப்பைக் குறை சொல்வதற்கில்லை. நோன்புப் பெருநாள், தீபாவளிக் காலங்களில் சொந்தமாகப் பட்டாசு செய்யப்போய் விரல்களை இழந்த சிறுவர்களைப் பற்றிய செய்திகளை இந்நாட்டில் நாம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். காணொளியைப் பார்த்துச் சமையலறையில் எரிபொருள் கலக்கும் மாணவனுக்கும் அதே ஆபத்து காத்திருக்கிறது. ராக்கெட் எரிபொருளை வீட்டில் கலப்பது சோதனை அன்று. அது குழாய் வெடிகுண்டு செய்வதற்கு ஒரு படி முன்னே நிற்பது. இதில் சமரசத்திற்கு இடமில்லை.

ஆனால், தடை மட்டும் ஆர்வத்தை அணைத்துவிடாது. வாசல் மூடியிருந்தால் சிலர் சன்னல் வழியே ஏறப் பார்ப்பார்கள். இதே சிக்கலை ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் சந்தித்த ஒரு நாடு எப்படித் தீர்த்தது என்று பார்ப்பது நமக்கு உதவும்.

1957 தரும் பாடம்

1957 அக்டோபர் 4-ஆம் தேதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அதைக் கேட்ட அமெரிக்கப் பதின்ம வயதினர் பலர் தாங்களும் ராக்கெட் செய்யக் கிளம்பினர். தீக்குச்சி மருந்தும் இரும்புக் குழாயுமே அவர்களுடைய கருவிகள். காயங்களும் மரணங்களும் நேர்ந்தன.

தீர்வு ஏற்கெனவே ஒரு செருப்புக் கடையில் பிறந்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல், வாணவேடிக்கையில் ஈடுபாடு கொண்டவர். மாதிரி விமான ஆர்வலரான தம் சகோதரர் இராபர்ட்டுக்காக, 1954-இல் காகிதக் குழாயில் அடைத்த சிறு மோட்டாரைச் செய்தார். ராக்கெட் ஏவுதளப் பாதுகாப்பைப் பற்றி எழுதிவந்த ஜி. ஹாரி ஸ்டைன் என்பவருக்கு அதன் மாதிரியை அனுப்பினார். ஸ்டைன் அதில் ஒரு பெரிய விடையைக் கண்டார்: எரிபொருளைத் தொழிற்சாலை செய்யட்டும், மீதி எல்லாவற்றையும் இளைஞர்கள் செய்யட்டும். 1957-இலேயே தேசிய ராக்கெட் சங்கம் தொடங்கியது. பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டன. அடுத்து வெர்ன் எஸ்டெஸ் என்பவர் சில விநாடிகளுக்கு ஒரு மோட்டார் அடைக்கும் இயந்திரத்தை அமைத்தார். சில டாலர் கொடுத்தால் கிடைக்கும் பாதுகாப்பான பெட்டி அப்படித்தான் உருவானது.

அந்த விதிகள் இன்றும் ஒரு பக்கத்திற்குள் அடங்கும். இலேசான பொருள்கள் மட்டும். தொழிற்சாலை மோட்டார் மட்டும். மின்சாரத்தால் மட்டுமே பற்றவைப்பு. சிறு மோட்டாருக்கு 5 மீட்டர், பெரியதற்கு 9 மீட்டர் இடைவெளி. பற்றாவிட்டால் 60 விநாடி கழித்தே அருகில் செல்லுதல். செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்க்காமை. மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் ஏவாமை. 'ஏ' மோட்டாருக்கு 30 மீட்டர், 'சி' மோட்டாருக்கு 120 மீட்டர் அகலத் திடல் போதும். கடைசிக் கணக்கை நினைவில் வையுங்கள். ஜொகூருக்கு வரும்போது அது தேவைப்படும்.

தமிழ்நாட்டில் நடந்த வேலைப் பங்கீடு

அமெரிக்கா நமக்கு வெகு தொலைவு என்றால் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 2023 பிப்ரவரி 19-ஆம் தேதி செங்கல்பட்டு மாவட்டத்தின் பட்டிபுலம் கிராமத்திலிருந்து, அப்துல் கலாம் பெயரிலான மாணவர் செயற்கைக்கோள் திட்டத்தின் ராக்கெட் ஏவப்பட்டது. அதில் இருந்த 150 சிறு செயற்கைக்கோள்களின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் பள்ளி மாணவர் ஐயாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றனர். 2024 ஆகஸ்ட் 24-ஆம் தேதி அருகிலுள்ள திருவிடந்தையிலிருந்து 'ரூமி-1' என்ற கலப்பின ராக்கெட், நகரும் ஏவுவண்டியிலிருந்து கிளம்பியது. இரண்டுக்கும் பின்னணியில் இருந்தது ஸ்பேஸ் சோன் இந்தியா என்ற தனியார் நிறுவனம்.

இங்கே வேலை எப்படிப் பிரிந்தது என்பதைக் கவனியுங்கள். எரிபொருளைக் கையாண்டவர்கள் பொறியாளர்கள். வெப்பநிலை, காற்றழுத்தம் போன்றவற்றை அளக்கும் கருவியைத் தொகுத்தவர்கள் மாணவர்கள். ஐயாயிரம் பேரும் ராக்கெட் பொறியாளர் ஆகப்போவதில்லை. ஆனால் தான் ஒட்டிய சில்லு உண்மையாகவே வானில் போனது என்ற அனுபவம் அவர்களிடம் தங்கும். தீ நிபுணர் கையில், மற்றவை மாணவர் கையில் என்ற 1957-இன் அதே பங்கீடுதான் இங்கும் வேலை செய்திருக்கிறது.

மாறுபட்ட கருத்தும் உண்டு. இத்தகைய விழாக்களில் மேடையும் புகைப்படமும் மிஞ்சி, மாணவர் கையில் வேலை குறைந்துவிடுகிறது என்று சிலர் சொல்வர். அந்த ஆபத்து உண்மையானது. வாழ்நாளில் ஒருமுறை பார்க்கும் பெரிய ஏவுதலைவிட, மாதம் ஒருமுறை விட்டு, விழுந்ததை எடுத்துத் திருத்தி, மறுபடி விடும் சிறு ராக்கெட்டே கற்றுக்கொடுக்கும்.

தண்ணீரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்

அப்படி மாதம் ஒருமுறை விடக்கூடிய ராக்கெட் ஒன்று நம் பள்ளிகளில் ஏற்கெனவே உள்ளது: நீர் ராக்கெட். குளிர்பானப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி சைக்கிள் பம்பால் அடைத்த காற்று. ஆசிய பசிபிக் வட்டார விண்வெளி மன்றம் 2005-இல் ஜப்பானின் கித்தாகியூஷூ நகரில் 12 முதல் 16 வயது மாணவர்களுக்கான நீர் ராக்கெட் போட்டியைத் தொடங்கியது. அதில் பார்ப்பது உயரத்தை அன்று. குறித்த புள்ளிக்கு எவ்வளவு அருகில் இறக்க முடிகிறது என்பதை. அந்த மன்றமே 2012-இல் கோலாலம்பூரில் கூடியது.

'தண்ணீர்தானே, சின்னப் பிள்ளை விளையாட்டு' என்று மேல்வகுப்பு மாணவர்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. ஒரு கணக்குப் போடுவோம். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர், வெளிக்காற்றைவிட 4 பார் கூடுதல் அழுத்தம். தண்ணீர் வெளியேறும் தொடக்க வேகம், அழுத்தத்தின் இருமடங்கை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், விநாடிக்குச் சுமார் 28 மீட்டர். காற்று விரிய விரிய அழுத்தம் குறைந்து, கடைசித் துளி வெளியேறும்போது வேகம் 19 மீட்டர் அளவுக்கு இறங்கும். சராசரியாக 24 என்று கொண்டால், அரை கிலோ தண்ணீர் தரும் கணத்தாக்கு சுமார் 12 நியூட்டன்-விநாடி. 'சி' மோட்டாரின் உச்ச வரம்பே 10தான்!

அப்படியானால் நீர் ராக்கெட் ஏன் 300 மீட்டர் போவதில்லை? அது கனமானது, பருமனானது. பாதித் தண்ணீரைத் தூக்கவே பாதி உழைப்பு போய்விடுகிறது. அகன்ற உடலைக் காற்று இழுக்கிறது. இந்த ஒரு கேள்வியில் படிவம் 4 இயற்பியலின் உந்தம், கணத்தாக்கு, நியூட்டன் விதிகள் அனைத்தும் அடங்கிவிடுகின்றன.

அதே கணக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. இவ்வளவு ஆற்றல் அடைந்த பாட்டில் விளையாட்டுப் பொருள் அன்று. வாயு நிறைந்த குளிர்பானத்துக்கென்று செய்த பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள். குடிநீர் பாட்டில் தாங்காது. கீறலோ நசுங்கலோ இருந்தால் வீசிவிடுங்கள். சூடான பசையால் இறக்கை ஒட்டாதீர்கள். பாட்டில் சுவர் பலவீனமாகும். கண்ணாடி அணிந்து, தூரத்திலிருந்து கயிற்றால் இழுத்தே விடுவியுங்கள். அழுத்தம் ஏற்றிய ராக்கெட்டின் மேல் ஒருபோதும் குனியாதீர்கள். ஆசிரியர் உடன் இருக்கட்டும்.

விட்டால் போதாது, அளக்க வேண்டும்

மாதிரி ராக்கெட்டும் நீர் ராக்கெட்டும் கற்றுத்தரும் முதல் பாடம் நிலைத்தன்மை. ராக்கெட்டின் ஈர்ப்பு மையம், காற்று தள்ளும் அழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது உடலின் ஒரு விட்டம் அளவு தள்ளி இருக்க வேண்டும். ஈர்ப்பு மையத்தை விரல் மேல் வைத்துச் சமன் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். அழுத்த மையத்துக்கு, ராக்கெட்டின் பக்கவாட்டு நிழலை அட்டையில் வெட்டி, அந்த அட்டை எங்கே சமனாக நிற்கிறது என்று பார்ப்பது ஓர் எளிய வழி. முனை இலேசாக இருந்தால் களிமண் சேருங்கள். வாலில் இறக்கை சிறிதாக இருந்தால் பெரிதாக்குங்கள். கடைசியாக, ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் இருக்கச் சுழன்றால் பறக்கும்.

இரண்டாம் பாடம் உயரம். 'மரத்தைவிட உயரமாகப் போச்சு' என்பது அளவை ஆகாது. கோணமானியில் நூலும் எடையும் கட்டினால் கோணம் கிடைக்கும். நிற்கும் தூரத்தை அக்கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கி, கண் உயரத்தைக் கூட்டினால் உச்சி உயரம் வந்துவிடும். படிவம் 3 திரிகோணமிதியே போதும்.

எங்கே நிற்பது என்பதும் ஒரு கணக்கு. ராக்கெட் நம் கண் மட்டத்திலிருந்து 87 மீட்டர் உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் நின்று, கோணத்தை 5 பாகை கூட்டிப் படித்துவிட்டால், விடை சுமார் 40 மீட்டர் தவறாக வரும். 87 மீட்டரில் நின்று அதே பிழையைச் செய்தால் தவறு 17 மீட்டருக்குள் அடங்கும். கோணம் 45 பாகைக்கு அருகில் வரும் இடமே நல்ல இடம். இருவர் இரு திசைகளில் நின்று அளந்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது. தண்ணீரின் அளவை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் பத்து முறை விட்டு, ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். பரிசு வாங்கும் புறப்பாட நடவடிக்கை அறிவியலாக மாறுவது அந்த வரைபடத்தில்தான்.

ஜொகூர் வானம் காலியாக இல்லை

இனி இடத்துக்கு வருவோம். ஜொகூரின் தென்பகுதியில் செனாய் விமான நிலையம். நீரிணைக்கு அப்பால் சாங்கியும் செலேத்தாரும். செலேத்தாரில் விமானம் தரையிறங்கும் வழிமுறை, பாசிர் கூடாங் பகுதியின் கட்டட உயரங்களைக் கட்டுப்படுத்தும் என்ற கவலையால் 2018 இறுதியில் இரு நாடுகளுக்கும் இடையே சர்ச்சை வெடித்தது. மலேசியா அங்கே தடைசெய்யப்பட்ட வான்பகுதியை அறிவித்தது. 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் அந்த வழிமுறையைத் திரும்பப் பெற, மலேசியாவும் தன் தடையை நிறுத்தி வைத்தது. சில நூறு மீட்டர் உயரம்கூட அரசுகள் பேசித் தீர்க்கும் விவகாரமாகும் இடம் இது. 300 மீட்டர் எட்டும் ராக்கெட்டை விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரியாமல் இங்கே விட முடியாது, விடவும் கூடாது.

ஆனால், அதே பாசிர் கூடாங்தான் 1990-களிலிருந்து உலகப் பட்டத் திருவிழாவுக்குப் பெயர் பெற்றது. தொழிற்சாலைகள் சூழ்ந்த, வானம் நெரிசலான ஊர், பல நாட்டார் வந்து பட்டம் விடும் ஊராகவும் இருக்கிறது. குறித்த இடம், குறித்த நாள், பொறுப்பான அமைப்பு, அதிகாரிகளின் ஒப்புதல் ஆகிய நான்கும் சேர்ந்ததால் அது முடிந்தது. பட்டத்துக்கு முடிந்தது சின்ன ராக்கெட்டுக்கு ஏன் முடியாது?

வேண்டியவை நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் விமானப் பொறியியல் கற்பிக்கிறது. பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 120 மீட்டர் அகலத் திடல் இரண்டு காற்பந்துத் திடல்களைப் பக்கவாட்டில் வைத்த அளவுதான். விமானப் பாதைகளுக்கு அப்பால், செம்பனைக்கும் மின்கம்பிக்கும் விலகிய அப்படியொரு வெளி மாநிலத்தின் உட்பகுதியில் கிடைக்காமல் போகாது. பிற்பகல் இடிமழைக்கு முன் காலையில் முடித்துவிடலாம்.

ஆகவே கோரிக்கை பெரியதன்று. ஒரு பல்கலைக்கழகம் பொறுப்பேற்று, காவல்துறையிடமும் விமானப் போக்குவரத்து ஆணையத்திடமும் அனுமதி பெற்று, ஆண்டுக்கு நான்கு ஏவு நாள்களை நடத்தட்டும். மோட்டார் பல்கலைக்கழகத்தின் பூட்டுக்குள் இருக்கட்டும். பயிற்சி பெற்ற அதிகாரியே அதைப் பொருத்தட்டும். மாணவர்கள் ராக்கெட்டையும் கணக்கையும் கொண்டு வரட்டும். நீர் ராக்கெட்டில் பத்துப் பறப்புகளின் அளவீட்டுக் குறிப்பைக் காட்டும் குழுவுக்கே மோட்டார் வாய்ப்பு என்று விதி வைத்தால், ஆர்வமும் ஒழுங்கும் சேர்ந்தே வளரும்.

நமக்கு இதில் என்ன?

இந்திய மாணவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்துகிறது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அறிவியல் விழாக்களில் ஆர்வத்தோடு பங்கேற்பதை நாம் அறிவோம். ஆனால் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் அவர்கள் பல இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். உற்சாகப்படுத்திய ஆசிரியரும் குழுவும் உடன் வருவதில்லை. அறிவியல் பிரிவில் 60 விழுக்காட்டு மாணவர் என்ற நாட்டின் பழைய இலக்கும் எட்டப்படாமலே நிற்கிறது. பதின்மூன்று வயதில் கைவிட்ட பழக்கத்தைப் பதினெட்டு வயதில் விண்ணப்பப் படிவத்தில் தேடினால் கிடைக்காது.

முன்னாள் மாணவர் சங்கங்களும், கோயில் மண்டபங்களில் வார இறுதி வகுப்பு நடத்தும் அமைப்புகளும் இந்த இடைவெளியை நிரப்பலாம். ஒரு பம்பு, ஒரு கோணமானி, சில பாட்டில்கள், ஒரு பொறியியல் மாணவர், ஒரு காலைப்பொழுது. இதற்கு எந்த உரிமமும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஜொகூரில் நாளை வரப்போகும் ஏரோஸ்பேஸ் தொழிற்சாலைகளுக்கு 15 ஆண்டு வரிச் சலுகை உண்டு. இன்று படிவம் 1-இல் இருக்கும் மாணவருக்கு அந்தச் சலுகை முடியும்போது வயது இருபத்தெட்டைத் தொடும். அவர் அங்கே வேலை செய்பவராக இருப்பாரா, அந்த வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவராக இருப்பாரா என்பதை, அவர் இந்த வயதில் எதைத் தொட்டுப் பார்த்தார் என்பதும் தீர்மானிக்கும். அடுத்த புறப்பாட நாளில் உங்கள் ஆசிரியரிடம் ஒரு பாட்டிலையும் இந்தக் கணக்கையும் கொண்டு போங்கள். திடலைக் கேட்பதற்கு முன், அதில் நாம் என்ன அளக்கப்போகிறோம் என்று சொல்லத் தெரிந்தால், கேட்கும் குரலுக்கு எடை கூடும்.